மூன்றாம் கேள்விக்கு ‘ஆம்’

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களும் வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் டிகிரி படிக்க ஒரு வழி வர இருந்தது. ஆரம்ப ஆண்டு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். முதல் வருடம் பள்ளிப் பாடங்களை முடித்துவிட்டு, அங்கிருந்து நேராக டிகிரிக்குள் போய்விடலாம். அது வரவில்லை. நூல் இழையில் தவறிப் போனது. அதற்குக் காரணம் நான் என்பது வெகு நாள் வரை எனக்கும் என் அண்ணிக்கும் மட்டுமே தெரிந்திருந்தது.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. பத்தாம் வகுப்பில் ஒரு நாள் டீச்சர் என்னை எழுப்பி ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். புத்தகம் கையில் இருந்தது, எழுத்து கண்ணுக்குத் தெரிந்தது, குரல் மட்டும் தொண்டையோடு நின்றுவிட்டது. வகுப்பே சிரித்தது. மறுநாள் காலை எனக்கு வயிற்று வலி. அதற்கு மறுநாளும் வயிற்று வலி. ஒரு மாதம் கழித்து அம்மா வலியைப் பற்றி விசாரிப்பதை நிறுத்திவிட்டாள். நானும் புத்தகப் பையை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். வீட்டுக்கு யார் வந்தாலும், “இவளுக்கு வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும்னு நெனப்பு” என்று அம்மா ஒரு தரம் சொல்லிவிடுவாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் சமையலறைக்குப் போய்விடுவேன்.

அண்ணன் லிப்ட் ரிப்பேர் செய்கிறவன். அவன் வெளியே போயிருக்கும்போது வரும் போனை எடுப்பது என் வேலை. அதற்காக ஒரு தாளில் நாலு கேள்வி எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தான். எந்தக் கட்டடம், எந்த மாடியில் நிற்கிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா, கதவு திறந்திருக்கிறதா. அந்தத் தாளைப் பார்த்தபடி நான் யாரிடமும் பேசுவேன். ஒருமுறை உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பெரியவரிடம், அண்ணன் போய்ச் சேரும் வரை முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணி இதைக் கவனித்திருக்கிறார். அவர் ஒரு சர்வே கம்பெனியில் மேற்பார்வையாளர்.

“பாப்பாவுக்குப் பேச வராதுன்னு யாரு சொன்னது?” என்று அம்மாவிடம் கேட்டார். “என்ன பேசணும்னு எழுதிக் குடுத்துட்டா போதும். எங்க ஆபீஸ்ல அதுதான் வேலையே.”

“அவளா? போன எடுத்து ஹலோ சொல்றதுக்குள்ள எதிராளிக்குப் பேரன் பொறந்துடும்.”

“பொறக்கட்டும். அதையும் ஒரு கேள்வியா சேத்துக்கறேன்” என்றார் அண்ணி.

அப்படித்தான் நான் வேலைக்குப் போனேன்.

ஒரு செருப்புக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் அந்த அறை. பன்னிரண்டு நாற்காலிகள். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே சாம்பல் நிறத் துணி ஒட்டிய தடுப்பு. ஏசிக்கு நேர் கீழே இருப்பவள் சால்வை போர்த்தியிருப்பாள். கடைசியில் இருப்பவள் விசிறிக்கொண்டிருப்பாள். ஹெட்போனின் காதுப் பஞ்சு எல்லோருக்கும் கிழிந்திருக்கும். திரையில் ஒரு எண் வரும், தானாக அழைக்கும், எதிர்முனை எடுத்ததும் முதல் கேள்வி தெரியும். பதிலை அழுத்தினால் அடுத்த கேள்வி. நாமாக யோசித்துச் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. எனக்கு அது சொர்க்கம்.

என் பக்கத்து நாற்காலிக்காரிக்கு ரேடியோ என்று பெயர். இரண்டு அழைப்புகளுக்கு நடுவே கிடைக்கும் பத்து வினாடியில் அவள் மாமியார் கதையில் ஒரு பாகம் சொல்லி முடித்துவிடுவாள். மேலாளருக்குப் பெயர் சதவீதம். பல்வலி எப்படி இருக்கிறது சார் என்று யாராவது கேட்டால், “நேத்தைக்கு இன்னைக்கு ஒரு நாப்பது சதவீதம் பரவாயில்ல” என்பார்.

நான் சேர்ந்த எட்டாவது மாதத்தில் பல்கலைக்கழகத்து வேலை வந்தது. அவர்கள் புதிதாக ஆன்லைன் டிகிரிகள் தொடங்கப் போகிறார்கள். எந்தப் பாடம் வைத்தால் ஆள் சேரும், எந்த நேரத்தில் வகுப்பு வைக்கலாம், எதற்காகச் சேர்வார்கள், எதற்காகப் பாதியில் விடுவார்கள் என்று ஆயிரத்து இருநூறு பேரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். தலைக்கு நூறு பேர்.

மொத்தம் இருபத்தேழு கேள்விகள். முதல் கேள்வி, வேலை பார்த்துக்கொண்டே ஒரு டிகிரி படிக்கும் எண்ணம் இருக்கிறதா என்பது. இல்லை என்றவர்களை நன்றி சொல்லி விட்டுவிடலாம். அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். உண்டு என்றால் வயது. அடுத்து மூன்றாம் கேள்வி, “பள்ளிப் படிப்பை முழுமையாக முடித்திருக்கிறீர்களா?” இதற்கு ‘இல்லை’ அழுத்தினால் நன்றி வாசகம் வரும், அழைப்பு முடிந்துவிடும். ‘ஆம்’ அழுத்தினால்தான் நாலாம் கேள்வி திறக்கும்.

வேலை தொடங்கிய காலையில் அண்ணி எங்கள் எல்லோருக்கும் நடுவில் நின்று சொன்னார். “எந்தக் கேள்வி எதுக்குன்னு கேக்காதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சா உங்க குரல்ல அது தெரியும். சொன்னத சொன்னபடி அழுத்துங்க. அவ்வளவுதான்.”

“மூணாவது கேள்விலயே கட் பண்ணிட்டா கடுப்பாவாங்களே அண்ணி?” என்றாள் ரேடியோ. அங்கே எல்லோருக்கும் அவர் அண்ணிதான்.

“ஆவாங்க. நீ உன் மாமியார நெனச்சுக்கிட்டு கட் பண்ணு.”

அறை சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வியைத் திரையில் பார்த்தபோது ஒன்று தோன்றியது. இந்தப் போன் எனக்கே வந்திருந்தால் மூன்றாம் கேள்வியோடு என்னையும் வைத்துவிடச் சொல்லியிருப்பார்கள்.

முதல் நாள் மூன்று பேர் ‘இல்லை’ என்றார்கள். மூன்று பேருக்கும் நன்றி வாசகம் படித்தேன். ஒருவர், “ஓ, சரிங்க” என்றார். அந்த ‘ஓ’ வீட்டுக்கு வரும் வரை காதில் இருந்தது.

இரண்டாம் நாள் மதியம் ஒரு அக்கா எடுத்தார். பின்னால் பெரிய இயந்திரம் ஒன்று உருளும் சத்தம். டிகிரி படிக்கும் எண்ணம் உண்டா என்று கேட்டேன்.

“இருக்காவா? நல்லா கேட்டம்மா. பத்தொம்போது வருஷமா இருக்கு.”

வயது நாற்பத்து மூன்று. மூன்றாம் கேள்வியைப் படித்தேன்.

“இல்லம்மா. ஒம்போதாவதோட நின்னுட்டேன். தம்பி பொறந்தான், தூக்கி வெச்சுக்க ஆள் வேணும்னாங்க.”

‘இல்லை’ அழுத்தும் முன்பே, மனப்பாடமாகிவிட்ட நன்றி வாசகத்தைத் தொடங்கினேன். “உங்கள் நேரத்தை ஒதுக்கியதற்கு மிக்க—”

“அவ்ளோதானா?”

என் விரல் ‘இல்லை’ மேல் இருந்தது.

“என்னம்மா, இப்பத்தானே ஆரம்பிச்ச. யாரும் என்கிட்ட வந்து என்ன படிக்கணும்னு கேட்டதே இல்ல. சாப்பாட்டு நேரம்னு படிக்கட்டுல வந்து ஒக்காந்திருக்கேன். இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. கேளு, சொல்றேன்.”

‘இல்லை’ அழுத்தினால் படிவம் மூடிவிடும். பிறகு அவரிடம் பேச என்னிடம் ஒரு வார்த்தைகூட இருக்காது. அண்ணி அறையின் மறுகோடியில் இருந்தார். அவர் ஒவ்வொருவர் பின்னாலும் வந்து நின்று, இன்னொரு ஹெட்போனைச் செருகிச் சற்று நேரம் கேட்பார். என் பின்னால் மட்டும் வரமாட்டார். யாராவது கேட்கிறார்கள் என்று தெரிந்தால் எனக்குக் குரல் நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

‘ஆம்’ அழுத்தினேன். நாலாம் கேள்வி வந்தது.

அந்த அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை செய்கிறார். படுக்கை விரிப்பு, திரைச்சீலை, டாக்டர்களின் அங்கி எல்லாம் எத்தனை போகிறது, எத்தனை வருகிறது, எந்த வார்டில் எத்தனை காணாமல் போகிறது என்பது அவர் மனதிலேயே இருந்தது. மருத்துவமனை நிர்வாகம் என்ற பாடத்தைப் படித்துக் காட்டியதும், “அதத்தான் சொல்றேன், அதப் போட்டுக்கோ” என்றார்.

“எதற்காக இந்தப் படிப்பில் சேர விரும்புகிறீர்கள்?” என்பது பதினோராம் கேள்வி. பதவி உயர்வு, வேலை மாற்றம், சொந்த விருப்பம், பிற என்று நாலு பதில்.

“எங்க பிரிவுக்குப் புதுசு புதுசா டிகிரி படிச்ச பிள்ளைங்க அதிகாரியா வர்றாங்கம்மா. வந்தவுடனே அவங்களுக்கு நாந்தான் எல்லாத்தையும் சொல்லித் தர்றேன். ஆறு மாசம் ஆனா அவங்க எனக்கு ஆர்டர் போடுறாங்க. நல்ல பிள்ளைங்கதான், தப்பு சொல்லல. ஆனா இதுவரைக்கும் எட்டுப் பேருக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். ஒம்போதாவதா நானே வந்தா என்னன்னு தோணுது. இது எதுல வருது?”

“பதவி உயர்வு” என்றேன்.

“அப்படியா சொல்றது. பெரிய வார்த்தையா இருக்கு. போட்டுக்கோ.”

இருபத்தேழாவது கேள்வி, படிப்பு தொடங்கும்போது உங்களுக்குத் தெரிவிக்கலாமா என்பது. “கட்டாயம் தெரிவிம்மா. சாப்பாட்டு நேரத்துல கூப்பிடு” என்றார். வைப்பதற்கு முன், “நீ நல்லா பேசறம்மா” என்றும் சொன்னார்.

என்னிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. அன்று மாலை படியிறங்கும்போது எனக்குக் கால் தரையில் இல்லை. ரேடியோ, “என்னடி, பொண்ணு பாக்க வந்துட்டாங்களா?” என்று கேலி செய்தாள்.

அதன் பிறகு அது பழக்கமாகிவிட்டது. ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு உடனே வைக்க மனமில்லாதவர்களுக்கெல்லாம் ‘ஆம்’ போட்டேன். லாரி ஓட்டுகிறவர் ஒருவர், தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண், மூன்று பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்து போன் எடுத்த ஒரு அம்மா. எல்லோரும் நிறையப் பேசினார்கள். எனக்கு அவர்களுக்கு ஏதோ நல்லது செய்வதாகவே இருந்தது. கதவுக்கு வெளியே நிற்பவர்களைச் சத்தமில்லாமல் உள்ளே விடுவதுபோல. மூன்று வாரத்தில் அப்படிப் பதினேழு பேர். எண்ணிக்கை எனக்கு மறக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு ஆயிரத்து இருநூறும் முடிந்தது. சனிக்கிழமை காலை அண்ணி எண்களின் பட்டியலை வீட்டுக்கே கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் எதிரில் உட்கார்ந்து ஒரு லிப்ட் பட்டனைப் பிரித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தான்.

“என்ன, மூஞ்சி அஞ்சாவது மாடில நின்ன லிப்ட் மாதிரி இருக்கு” என்றான் அவரைப் பார்த்து.

“பதினஞ்சு பேரு கொறையுதுங்க.”

“எங்க?”

“எண்ணி முடிச்சாச்சு, இனி சொல்லலாம்.” அண்ணி என் பக்கம் திரும்பி நாற்காலியை இழுத்துப் போட்டார். “வா பாப்பா, நீயும் கேளு. இந்த மூணாவது கேள்வி இருக்கே, அது என் கேள்வி.”

அவர் சொன்னது இதுதான். கேள்விகளைத் தயார் செய்ய உட்கார்ந்தபோது பல்கலைக்கழகத்து அதிகாரி அம்மா, பள்ளி முடித்தவர்களை மட்டும் கூப்பிட்டால் போதும் என்றிருக்கிறார். அண்ணி, முடிக்காதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறார். அப்படி எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள் என்றாராம் அந்த அம்மா. எண்ணிப் பார்க்கலாமே என்றாராம் அண்ணி. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். டிகிரி படிக்க ஆசை உள்ளவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் பள்ளி முடிக்காதவர்களாக இருந்தால் ஆரம்ப ஆண்டு தொடங்குவது. குறைந்தால் அந்தப் பேச்சே இல்லை. அதற்காகத்தான் மூன்றாம் கேள்வி. ‘இல்லை’ என்பவர்களை வெளியே அனுப்ப வைத்த கேள்வி இல்லை அது. அவர்களை எண்ணுவதற்கு வைத்த கேள்வி.

“நூத்தி எம்பது வேணும். நூத்தி அறுவத்தஞ்சுதான் இருக்கு.”

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“எல்லாருக்கும் பதினாலு, பதினஞ்சுன்னு வந்திருக்கு. ரேடியோவுக்குப் பதினேழு. உனக்கு மட்டும் மூணு. நீ என்ன பாப்பா, படிச்சவங்க தெருவா பாத்துப் போன் போட்டியா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சந்தேகம் ஒரு துளியும் இல்லை.

“எண்ணு தானா வருது. அவ என்ன பண்ணுவா?” என்றான் அண்ணன்.

“சும்மா கேட்டேங்க. அதிர்ஷ்டம் அப்படி.” அண்ணி தாள்களை அடுக்கத் தொடங்கினார். பிறகு பட்டியலைப் பார்த்தபடியே, அதிகம் பொருட்படுத்தாத குரலில், “இவள நெனச்சுத்தான் அன்னிக்கு அவ்வளவு வாதாடினேன். அது வந்தா மொத ஆளா இவ பேரக் குடுக்கணும்னு இருந்தேன். யாரு முன்னாடியும் எந்திரிச்சு வாசிக்க வேண்டாம், பாருங்க. வீட்டுல ஒக்காந்து எழுதி அனுப்பலாம். சரி, விடுங்க. திங்கக்கெழம வரைக்கும் நேரம் இருக்கு. ஏதாவது விட்டுப்போச்சான்னு இன்னொரு தரம் கூட்டிப் பாக்கறேன்” என்றார்.

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். பதினேழு பேர் பெயரும் எனக்கு வரிசையாகத் தெரியும். நூற்று அறுபத்தைந்தும் பதினேழும் நூற்று எண்பத்திரண்டு என்று மனம் கூட்டி முடித்துவிட்டது. வாயைத் திறந்தேன். “அண்ணி” என்பதுகூட வரவில்லை. வெறும் காற்று வந்தது. அண்ணன், “என்ன, தண்ணி வேணுமா?” என்றான். தலையாட்டினேன். குடிக்கக் கொடுத்தான். குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அவர் பின்னாலேயே சுற்றினேன். அவர் காய் நறுக்கும்போது பக்கத்தில் நின்றேன். தலை சீவும்போது கதவருகே நின்றேன். “என்ன பாப்பா?” என்று இரண்டு தரம் கேட்டார். “ஒண்ணுமில்ல அண்ணி” என்பது மட்டும் மிகச் சுலபமாக வந்தது. சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி அவர் பையில் போட்டுவிடலாம் என்று நினைத்து எழுதியும்விட்டேன். அவர் அதைப் படிக்கும்போது முகம் எப்படி மாறும் என்று யோசித்தேன். தாளை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு சதவீதத்தின் அறைக் கதவைத் தட்டினேன். அண்ணியிடம் முடியாவிட்டால் அவரிடமாவது சொல்லிவிடலாம் என்று ஒரு குருட்டுத் தைரியம். அறிக்கை அவர் மேசையில் இருந்தது. சுருள் கம்பி போட்டு, நீல அட்டை வைத்து.

“வாம்மா. என்ன விஷயம்?”

என் முன்னால் தாள் இல்லை. திரையும் இல்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். வெளியே ரேடியோவின் சிரிப்பு கேட்டது. பத்தாம் வகுப்பு அறையில் நிற்பதுபோலவே இருந்தது.

“ஹெட்போன்ல... பஞ்சு கிழிஞ்சிருக்கு சார்” என்றேன்.

“எல்லாருக்கும் நூறு சதவீதம் கிழிஞ்சுதான் இருக்கு. மாத்தச் சொல்றேன். போ.”

பதினோரு மணிக்குப் பல்கலைக்கழகத்து ஆள் வந்து நீல அட்டையை வாங்கிக்கொண்டு போனார். அந்த வாரமே எல்லோருக்கும் புதுப் பஞ்சு வந்தது. ரேடியோ என் கன்னத்தைக் கிள்ளி, “ஊமைச்சி சாதிச்சுட்டா” என்றாள்.

அண்ணியிடம் நான் சொன்னது மூன்று வாரம் கழித்து. மருத்துவமனை நிர்வாகம் உட்பட நாலு டிகிரிகள் தொடங்கப்போவதாகவும், பள்ளி முடித்த சான்றிதழ் கட்டாயம் என்றும் அறிவிப்பு வந்துவிட்டது. ஒரு மதியம், கொடியிலிருந்து எடுத்த துணிகளை இருவரும் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தோம். அவர் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த துண்டைப் பார்த்துச் சொன்னேன். மொத்தமே நாலு வாக்கியம். அவ்வளவு சிறியதைச் சொல்லத்தான் எனக்கு அத்தனை நாள் ஆனது.

அண்ணி அண்ணனின் சட்டை ஒன்றை மடித்து முடித்தார். அடுத்ததை எடுத்துக் காலரை நிமிர்த்தினார்.

“எத்தன பேரு?”

“பதினேழு.”

கணக்குப் போட அவருக்குத் தாள் வேண்டியிருக்கவில்லை. சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“சனிக்கெழம உன்ன வெச்சுக்கிட்டுத்தானே சொன்னேன். அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே போய் நின்னு திருத்தியிருப்பேனே.”

“வரல அண்ணி.”

“அவங்ககிட்டல்லாம் இருபத்தேழு கேள்வி பேசத் தெரிஞ்சுது. என்கிட்ட ஒண்ணு பேச வரல.”

அவர் குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உன் பின்னாடி வந்து கேக்காம விட்டேன் பாரு, அது என் தப்பு” என்றார் கொஞ்சம் கழித்து.

“இப்ப போய்ச் சொன்னா...?”

“அறிவிப்பு போட்டாச்சு. இப்ப போய், எங்க ஆளு பதில மாத்தி அழுத்துச்சுன்னு சொன்னா, ஆயிரத்து எரநூறும் குப்பை. பன்னெண்டு பேரு வேலையும் போகும். ரேடியோ வீட்ல அவ சம்பாத்தியம் ஒண்ணுதான்.” மடித்த துணிகளை அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். “நீ அவங்கள உள்ள விட்டதா நெனச்சுக்கிட்ட. அவங்க வெளிய இருக்காங்கன்னு யாருக்குமே தெரியாம பண்ணிட்ட.”

அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அன்று சாயங்காலம் அவர் வழக்கம்போலத்தான் என்னோடு பேசினார். அண்ணனிடமும் அம்மாவிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எனக்கென்று வாதாடிய அந்த அண்ணி என்னிடம் அதன் பிறகு படிப்புப் பேச்சை எடுத்ததே இல்லை.

சேர்க்கை தொடங்கும் வாரம், தெரிவிக்கச் சொன்னவர்களுக்கெல்லாம் போன் செய்து சொல்லும் வேலையும் எங்களுக்கே வந்தது. அண்ணி பட்டியலைப் பன்னிரண்டாகப் பிரித்தார். என் மேசைக்கு வந்து தனியாக ஒரு தாளை வைத்தார். பதினேழு எண்கள். எந்தப் பதினேழு என்று ஒருநாள் என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு போயிருந்தார்.

“இவங்கள நீயே கூப்பிடு” என்றார். “வேற யாருகிட்டயும் குடுக்க மனசு வரல.”

முதல் எண்ணை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அழைத்தேன். பின்னால் அதே இயந்திரத்தின் உருளல். திரையில் இருந்ததைப் படித்தேன். நீங்கள் விரும்பிய மருத்துவமனை நிர்வாகப் பட்டப்படிப்பு தொடங்குகிறது. விண்ணப்பத்துடன் பள்ளி முடித்த சான்றிதழை இணைக்க வேண்டும்.

“நீயாம்மா! குரல வெச்சே கண்டுபிடிச்சுட்டேன். சாப்பாட்டு நேரம் பாத்துக் கூப்பிட்டிருக்க பாரு.” சந்தோஷமாகச் சொன்னவர் சற்று நிறுத்தினார். “கடைசியில என்னமோ சொன்னியே. சர்டிபிகேட்டா?”

மறுபடி படித்தேன்.

“நாந்தான் அன்னிக்கே சொன்னேனே, ஒம்போதாவதுன்னு. எழுதிக்கிட்டல்ல?”

திரையில் இதற்கு ஒன்றும் இல்லை. ‘விண்ணப்பிப்பார், விண்ணப்பிக்கமாட்டார், மீண்டும் அழைக்கவும்’ என்று மூன்று கட்டங்கள் மட்டும் இருந்தன.

“சரி விடும்மா” என்றார் அவரே. “நீ என்ன பண்ணுவ? நீ எழுதிக் குடுத்திருப்ப. மேல இருக்கறவங்க கண்டுக்கல. எப்பவும் நடக்கறதுதானே.”

“இல்லக்கா” என்றேன். குரல் நிற்கவில்லை. “நான் எழுதல. நீங்க முடிச்சிருக்கீங்கன்னு போட்டுட்டேன். இல்லன்னு போட்டா போன் கட்டாயிடும். அதனால ஆமான்னு போட்டேன். இல்லன்னு சொன்னவங்க இன்னும் பதினஞ்சு பேரு இருந்திருந்தா உங்களுக்குன்னே ஒரு வருஷம் தனியா வெச்சிருப்பாங்க. அது அப்ப எனக்குத் தெரியாது.”

இயந்திரம் உருண்டுகொண்டிருந்தது. யாரோ அவரைத் தாண்டிப் படியேறிப் போகும் செருப்புச் சத்தம்.

“கட் பண்ண மனசு வரலையாக்கும்” என்றார்.

“ஆமாக்கா.”

வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன். வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“அன்னிக்கு வீட்டுக்குப் போய் எம்மவகிட்ட சொன்னேன். இன்னிக்கு என்ன ஒரு மணி நேரம் பேட்டி எடுத்தாங்கடின்னு. இருபது நிமிஷந்தான். ஒரு மணி நேரம்னு சொன்னேன்.” சிரிக்க முயன்றார் போலிருந்தது. “அவ இப்ப டெய்லி கேக்கறா, எப்பம்மா காலேஜுன்னு. அவளுக்கு என்ன சொல்றதுன்னு பாக்கணும்.”

“அக்கா—”

“மணி அடிச்சிட்டாங்க. போகணும்மா.”

மணி எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அழைப்பு முடிந்துவிட்டது.

மூன்று கட்டங்களும் திரையில் காத்திருந்தன. ‘விண்ணப்பிக்கமாட்டார்’ அழுத்தினேன். காரணம் கேட்டு ஒரு சின்னப் பெட்டி திறந்தது. அதில், பள்ளி முடிக்கவில்லை, படிக்க விருப்பம் உண்டு என்று எழுதினேன். யார் அதைப் படிப்பார்கள் என்று தெரியவில்லை. ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு தாளைப் பார்த்தேன். அடுத்தவர் லாரி ஓட்டுகிறவர். அவருக்குக் கீழே இன்னும் பதினைந்து பேர் இருந்தார்கள்.